சேத மனுவில் சொல்லைப் புடைத்து எழுதுவது எப்படி? டெல்டா விவசாயத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“கனமழையால் எங்கள் பகுதியில் பயிர்கள் முற்றிலும் நாசமடைந்து விவசாயிகளின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகிவிட்டது.” ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகங்களுக்குக் கட்டுக்கட்டாகப் போகும் மனுக்களில் இந்த வாக்கியத்தைக் காணலாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பயிர், எந்த சர்வே எண், எந்தத் தேதி, எவ்வளவு என்று எதுவும் இதில் இல்லை. மேசையில் இருப்பவர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த வரப்பில் போய் நிற்பார்?

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்த்துவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பியவர்களுக்கும், “நீ படிச்ச பிள்ளை, நீயே எழுதிக் குடு” என்று ஊரார் பேப்பரை நீட்டும் இளைஞர்களுக்கும் இந்தக் கட்டுரை. மனுவின் வடிவத்தை எந்தக் கணினி மையத்திலும் தட்டித் தருவார்கள். இங்கே சொல்லப்போவது அதற்கு முந்தைய வேலையை: பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து, அதற்கேற்ற சொல்லைப் பிடிப்பது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பயிற்சி முறை உண்டு. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆல்ஃபிரட் கோர்சிப்ஸ்கி 1933ல் வெளியிட்ட நூலில் அதற்கு ஜெனரல் செமாண்டிக்ஸ் என்று பெயர் வைத்து விரித்து எழுதினார். அதன் அடிப்படை, வரைபடம் வேறு நிலம் வேறு என்பது. புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம், பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படத்தில் வரப்பு நேர்க்கோடு. வயலில் அது பக்கத்துக்காரர் மண்வெட்டியில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். படத்தில் வாய்க்கால் உண்டு. நேரில் போனால் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். சொல்லும் அப்படி ஒரு படம்தான்.

நேரம்: வயலில் அரை நாள், எழுத ஒரு காலைப்பொழுது. செலவு: நகல், போட்டோ பிரின்ட், தபால் எல்லாம் சேர்த்து ஒரு மனுவுக்கு 200 ரூபாய்க்குள் அடங்கும். மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

1. காகிதங்களை எடுத்து, ஒவ்வொன்றின் வயதையும் பாருங்கள்

வேண்டியவை: பட்டா அல்லது சிட்டா நகல், நடப்புப் பசலியின் (வருவாய்த் துறையின் கணக்காண்டு) அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பதியும் பதிவேடு), புலப்படம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அதன் ரசீது. பட்டா நகல் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) கையெழுத்தோடு வாங்குங்கள். குத்தகைதாரர் என்றால் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் சான்று இல்லாமல் வயலில் இறங்கவே வேண்டாம்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி பரப்பளவு. பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் 40 சென்ட் என்று படித்துவிடுகிறார்கள். அது 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆகவே அந்த நிலம் 100 சென்ட், முழு ஒரு ஏக்கர். ஊர்க்கணக்கில் மூன்று மா. (டெல்டாவில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட்.) மனுவில் ஹெக்டேரையும் ஏக்கரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். மா கணக்கு வீட்டுக்கு மட்டும்.

இரண்டாவது குழி தேதி. கோர்சிப்ஸ்கி ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஆண்டைப் போட்டுப் பழகச் சொன்னார். நம் பட்டாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. தாத்தா பெயரில் இருக்கும் 1987ஆம் வருடப் பட்டா அன்றைய நிலத்தின் படம். இன்று அதில் மூன்று பங்காளிகள் உழுகிறார்கள். பசலியும் அப்படித்தான். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். 2025 செப்டம்பரில் நட்ட சம்பாவும் 2026 ஜனவரி அறுவடையும் ஒரே பசலி, 1435. முந்தைய பசலியின் அடங்கலை இணைத்த மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

2. வயலில் இறங்கி மூன்று பத்தியாகக் குறிப்பெடுங்கள்

கட்டுரையின் உயிர் இங்கே இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

நோட்டில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தி ஆக்குங்கள். பார்த்தது, கேட்டது, ஊகித்தது. தமிழில் இந்த மூன்றுக்கும் வினைச்சொல்லின் வாலிலேயே வேறுபாடு இருக்கிறது. “மதகு மூடியிருந்தது” என்றால் கண்ணால் கண்டது. “மூடியிருந்ததாம்” என்றால் யாரோ சொன்னது. “மூடியிருந்திருக்கும்” என்றால் தண்ணீர் நின்றதை வைத்து நாமாகச் சேர்த்துக்கொண்டது. திண்ணையில் பேசும்போது ஒருவரும் இதில் தவறுவதில்லை. பேனாவைக் கையில் எடுத்ததும் அந்த “ஆம்” காணாமல் போய்விடுகிறது. மூன்றும் “மூடியிருந்தது” ஆகிவிடுகின்றன, எழுத்துக்குக் கெட்டி வேண்டுமே என்று. பிறகு வருவாய் ஆய்வாளர் “நீங்க பாத்தீங்களா?” என்று ஒரே கேள்வி கேட்டால் மனு முழுவதும் சரிந்துவிடும். பொய்யான ஒரு வரி, உண்மையான பத்து வரிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இனி அளவு. ஒரு மூங்கில் குச்சியில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வரப்பிலிருந்து நாலு எட்டு உள்ளே தள்ளி நான்கு மூலையிலும், நடுவிலும் ஊன்றி ஆழத்தைக் குறியுங்கள். நேரமும் எழுதுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில், அதே ஐந்து இடத்தில். போட்டோ எடுக்கும்போது குச்சி படத்தில் தெரிய வேண்டும். தண்ணீர்ப் பரப்பை மட்டும் எடுத்த படத்தில் அரையடி, இரண்டடி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இடமும் தேதியும் படத்திலேயே பதியும் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

“பயிர் அழுகிவிட்டது” என்பது முடிவு, பார்த்தது அல்ல. பார்க்க வேண்டுமானால் வயலைக் குறுக்காக நடந்து 20 குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) பிடுங்குங்கள். தண்டின் அடிப்பகுதியை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தால் ஒரு கோடு; கெட்டியாக இருந்து வெள்ளை வேர் தெரிந்தால் இன்னொரு பக்கம் ஒரு கோடு. 20ல் 13 நசுங்கியது என்று எழுதினால், வேளாண் உதவி அலுவலர் அதே வயலில் இன்னொரு 20 பிடுங்கிச் சரிபார்க்கலாம். சரிபார்க்க முடிகிற வாக்கியம்தான் மனுவில் நிற்கும்.

3. “போச்சு” என்ற சொல்லுக்கு மூன்று நாள் தடை போடுங்கள்

சொல் நம் கையைக் கட்டிப்போடும் என்பதற்குப் புகழ்பெற்ற சாட்சி பெஞ்சமின் வோர்ஃப். மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய இவர், பிழைப்புக்கு ஒரு தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்ப் பக்கம் எச்சரிக்கையாக நடப்பவர்கள், “காலி” பீப்பாய்ப் பக்கம் போனதும் பீடி சிகரெட்டை அலட்சியமாகப் போடுகிறார்கள் என்று கவனித்தார். உள்ளே நிற்கும் ஆவிதான் சுலபமாக வெடிக்கும். காலி என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. நம் ஊரில் “காலி” மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் இதே சொல் செய்யும் வேலைதான். மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வெள்ளக் காலத்தில் “போச்சு” அப்படிப்பட்ட சொல். மொத்தமும் போச்சு என்று ஒருவர் வரப்பில் நின்று சொன்னதும் யாரும் வடிகாலை வெட்டுவதில்லை, அளப்பதில்லை, படம் எடுப்பதில்லை. நாலாம் நாள் மாடு இறங்கி மேய்ந்துவிடும். கணக்கெடுக்க வருகிறவர் பார்ப்பது மேய்ந்த வயலை. தண்ணீர் வடிந்த இளம்பயிர் பல நேரம் திரும்பி எழும். அதற்கு வேளாண் துறையின் பரிந்துரை உண்டு. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, நீரை வடித்தபின் இட வேண்டும். “போச்சு” என்று முடிவுகட்டிய மனசுக்கு இந்த மேலுரம் நினைவுக்கே வராது. ஆகவே அளந்து முடியும்வரை அந்தச் சொல் வீட்டில் யார் வாயிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. “இழப்பு” என்ற ஒரே சொல்லை மூன்றாக எண் போடுங்கள்

ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் வேறு வேறு பொருள்களுக்கு எண் கொடுப்பது ஜெனரல் செமாண்டிக்ஸின் இன்னொரு கருவி. மாடு-1 மாடு-2 அல்ல, அவ்வளவுதான். டெல்டாவில் இதைச் செய்யாததால் வரும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இழப்பு-1, அரசு நிவாரணத்தின் இழப்பு. பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவாக வேண்டும். 2022ல் திருத்திய விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880. இங்கே உங்கள் வயல்தான் கேள்வி. படி 2ல் எடுத்த குறிப்பு இங்கே உதவும்.

இழப்பு-2, பயிர்க் காப்பீட்டின் இழப்பு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். தொகை 36,000 என்றால் 540 ரூபாய். கடைசி நாள் பல ஆண்டுகளாக நவம்பர் 15ஐ ஒட்டி வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள், நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். மகசூல் இழப்பு இங்கே ஊருக்குச் சேர்த்துக் கணக்காகும். அறுவடையின்போது ஊரில் சில வயல்களைத் தேர்ந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து எடைபோடுவார்கள். அந்தச் சராசரி, உத்தரவாத மகசூலுக்கு எவ்வளவு கீழே என்பதே இழப்பு. உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, ஊர்ச் சராசரி 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு 25 சதவீதம், 36,000ல் 9,000 ரூபாய். உங்கள் வயலில் ஒரு மணிகூட இல்லாவிட்டாலும் அதே 9,000. “என் வயல் முழுக்கப் போயும் இவ்வளவுதானா” என்ற கோபம் நியாயமான வேதனை. ஆனால் அதையே மனுவாக எழுதினால் பதில் வராது. அங்கே கேட்க வேண்டியது, பரிசோதனை எந்த எந்த சர்வே எண்ணில், எந்தத் தேதியில், எத்தனை கிலோ என்பது. அறுக்கும் நாளில் போய் நில்லுங்கள். தனி வயலுக்கே இழப்பு கணக்கிடும் பிரிவுகளும் திட்டத்தில் உண்டு. அவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ செயலியிலோ தெரிவிக்க வேண்டும். உங்கள் பயிருக்கு அந்தப் பருவத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை மழைக்கு முன்பே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

இழப்பு-3, உங்கள் கையிலிருந்து போன பணம். நாற்று, நடவுக்கூலி, உரம், வட்டி. இதை எந்த அலுவலகமும் அப்படியே அளப்பதில்லை. கடன் தவணை கேட்டு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ எழுதும்போதுதான் இந்தக் கணக்கு வேண்டும்.

மூன்றையும் ஒரே மனுவில் கொட்டினால் அது எந்த மேசைக்கும் சொந்தமில்லாத மனு ஆகிவிடும். தனித்தனியாக எழுதுங்கள்.

மூட்டைக்கும் எண் வேண்டும். வியாபாரி பிடிக்கும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. “27 மூட்டை கண்ட நிலம்” என்று எழுதினால் படிப்பவர் 1,080 கிலோ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் நினைத்தது 1,620. கிலோவிலேயே எழுதுங்கள். உங்கள் வயலிலும் ஒரு 5க்கு 5 மீட்டர் அறுத்துப் பாருங்கள். அந்த எடையை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

5. வினையில்லாத வாக்கியங்களைத் தேடிப் பிடியுங்கள்

ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றாகச் சாதிக்கும் “இரு” என்ற வினையையே விட்டுவிட்டு எழுதும் பயிற்சியை டேவிட் போர்லண்ட் 1965ல் முன்வைத்தார். தமிழுக்கு அது அப்படியே ஒத்துவராது. “அதிகாரி அலட்சியம்”, “வயல் நாசம்”, “அவன் சோம்பேறி” என்று நாம் வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோமே! நீக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. இரண்டு பெயரை ஒட்டவைத்ததும் தீர்ப்பு முடிந்துபோகிறது. கேட்கிறவர் மறுக்கவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. இதனாலேயே தமிழில் இது ஆங்கிலத்தைவிட ஆபத்து என்பது என் எண்ணம்.

நமக்கான மருந்து, நீக்குவதற்குப் பதில் சேர்ப்பது. யார், என்று, என்ன செய்தார் என்று ஒரு வினையைப் போடுங்கள். “அதிகாரி அலட்சியம்” என்பதை “நவம்பர் 24, 26 இரண்டு நாளும் வி.ஏ.ஓ. அலுவலகம் சென்றோம், இரண்டு முறையும் பூட்டியிருந்தது” என்று மாற்றுங்கள். அவர் அலட்சியக்காரராக இருக்கலாம், வெள்ள முகாம் பணியில் இருந்திருக்கலாம். அந்த முடிவை மேலதிகாரிக்கு விட்டுவிடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் “நெல் ஈரம்” என்று திருப்பி அனுப்புவதும் இதே வகை. பொதுவான வரம்பு 17 சதவீதம், சில பருவங்களில் மத்திய அரசு தளர்த்தியிருக்கிறது. மீட்டர் என்ன காட்டியது, குவியலின் அடியிலிருந்து எடுத்ததா மேலிருந்தா, எத்தனை மணிக்கு என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு அவசியமே இருக்காது.

6. தேதி போடாத செய்தியை எழுதாதீர்கள்

“மேட்டூர் திறந்தாச்சு” என்பது ஜூன் 12ல் மேட்டூரில் உண்மை. கல்லணையில் அது 15, 16 வாக்கில்தான் உண்மையாகும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு அதற்குப் பிறகும் நாள் கணக்கு. “தண்ணீர் வந்தது” என்றால் எந்த வாய்க்காலில், எந்த மடையில், எந்த நாள் என்று சேர்த்தே எழுதுங்கள். மழையளவும் அப்படித்தான். வானிலைத் துறையின் அன்றைய அளவு, முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. செய்தித்தாளில் 25ஆம் தேதிக்கு வந்த எண்ணைப் பெரும்பாலும் 24ஆம் தேதி மழையாகத்தான் படிக்க வேண்டும்.

7. ஏணியில் இரண்டு படி இறங்கி எழுதுங்கள்

நெல், பயிர், சாகுபடி, விவசாயம், வாழ்வாதாரம். மேலே ஏற ஏறச் சொல் பெரிதாகும். வயல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மனுவின் உடல் கீழ்ப்படியில் இருக்கட்டும். வாழ்வாதாரம் என்ற சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசி வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

“சர்வே எண் 112/3பி, 0.40.50 ஹெக்டேரில் (ஒரு ஏக்கர்) சம்பா நெல் அக்டோபர் 28ல் நட்டேன். நவம்பர் 24 காலை 7 மணிக்கு ஐந்து இடத்தில் அளந்தபோது 35 முதல் 45 செ.மீ. தண்ணீர் நின்றது. 27ஆம் தேதி வரை 20 செ.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. 28ல் 20 குத்து பிடுங்கிப் பார்த்ததில் 13 குத்தின் அடித்தண்டு கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தது. மேற்குப் பக்க வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்ததைப் பார்த்தேன், படம் இணைத்துள்ளேன். கீழே உள்ள மதகு 23ஆம் தேதி மூடியிருந்ததாக அண்டை வயல்காரர் சொன்னார்; நான் பார்க்கவில்லை. வயலை ஆய்வு செய்து சேதக் கணக்கெடுப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

“நான் பார்க்கவில்லை” என்பதை எழுதக் கூச்சப்படாதீர்கள். மற்ற வரிகளை நம்பவைப்பது அதுதான். நோட்டின் கடைசியில் “முதலியன” என்று ஒரு சொல்லும் எழுதி வையுங்கள். நாம் பார்க்காமல் விட்டது எப்போதும் இருக்கும், நாளைக்குச் சேர்க்க இடம் வேண்டும்.

8. கொடுக்கும் இடமும் அதற்குப் பிறகும்

முதலில் வி.ஏ.ஓ., வேளாண் உதவி அலுவலர் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி. தண்ணீர் நிற்கும்போதே கொடுங்கள், வடிந்தபின் அல்ல. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். விவசாயிகளுக்கென்று மாதம் ஒருமுறை தனிக் கூட்டம் உண்டு, தேதியைச் செய்தித்தாளில் பாருங்கள். மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள். போக முடியாவிட்டால் சேர்ந்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). முதல்வரின் உதவி மைய எண் 1100.

ஒரு மாதம் ஆகியும் சத்தம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இங்கேயும் சொல்லைப் பார்த்து எழுதுங்கள். “எங்களுக்கு ஏன் நிவாரணம் வரவில்லை?” என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சட்டம் தருவது கோப்பில் இருப்பதை மட்டும். “சர்வே எண் 112/3பிக்கான கள ஆய்வு அறிக்கையின் நகல், ஆய்வு செய்த தேதி, பதிவான சேத சதவீதம்” என்று கேளுங்கள். அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதையும் நகல் எடுத்து அடுத்த குறைதீர் நாள் மனுவில் முதல் இணைப்பாக வையுங்கள்.